‘நெருங்கிய உறவினர்’ என்றால் யார்?

(சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்ட இணையர்களும் இளைஞர்களும் கூடிய ஒரு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன சில தகவல்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)



உட்கார்ந்துகொண்டே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று டயாலிசிஸ் நாள். மறுநாள் கொஞ்சம் தலை சுற்றும்.

என்னை அழைத்த தோழர், “உங்க ஆய்வைப் பத்திப் பேசுங்க” என்றுதான் கேட்டார். சுயமரியாதைத் திருமணங்கள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்னிடம் குறிப்புகள் இருக்கின்றன. ஆனால் கடந்த இரண்டு ஆண்டுகளாக என் தலைக்குள் ஓடுவது வேறு. எனக்கு ஒரு சிறுநீரகம் தேவைப்படுகிறது. யாரிடம் கேட்பது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தேடலில் சாதியைப் பற்றி நான் கற்றுக்கொண்டது, நூலகத்தில் கற்றுக்கொண்டதைவிட அதிகம். அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச்சு முடிந்ததும் யாரும் என்னிடம் வந்து “நான் தர்றேன் தோழர்” என்று சொல்ல வேண்டாம். அதைக் கேட்க நான் வரவில்லை. வேறொன்றைக் கேட்க வந்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பிறந்தது சேலம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில், ஓர் இடைநிலைச் சாதியில். என் இணையர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, இதுபோன்ற ஒரு சிறிய அரங்கில், தோழர்கள் முன்னிலையில் உறுதிமொழி எடுத்து மணம் செய்துகொண்டோம். அதற்கு அடுத்த வாரம் எங்கள் ஊரில், பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில், என் பள்ளிக்கூடப் படத்தைப் போட்டுக் ‘கண்ணீர் அஞ்சலி’ பிளக்ஸ் வைத்தார்கள். பதினாறாம் நாள் அப்பா மொட்டை போட்டுக்கொண்டு கருமாதி செய்தார். ஊருக்குச் சாப்பாடும் போட்டார்கள். ஒரு தோழி அந்தப் பிளக்ஸைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அப்போது நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தோம். என் பிறந்த தேதியைத் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கால் வீங்க ஆரம்பித்தது. உட்கார்ந்து உட்கார்ந்து படிப்பதால் என்று நினைத்தேன். தலைவலி வந்தது. கண்ணாடியை மாற்றினேன். ஒரு நாள் மூச்சு வாங்கி மருத்துவமனைக்குப் போனபோது ரத்த அழுத்தம் 190/120. ரத்தத்தில் கிரியாட்டினின் 8ஐத் தாண்டியிருந்தது. சாதாரணமாக 1க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது அது. “எத்தனை வருசமா பிரஷர் பார்க்கல?” என்று மருத்துவர் கேட்டார். நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. முப்பது வயதில் யார் பார்க்கிறோம்?

அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அரசு மருத்துவமனையில் இலவசம். அந்த வார்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் டீக்கடையில் யார் எங்கே உட்காருவது என்பதற்குக் கணக்கு உண்டு. டயாலிசிஸ் வார்டில் ரத்தத்தைப் பிரிப்பது ஒன்றே ஒன்றுதான்: ஹெபடைடிஸ் கிருமி இருப்பவர்களுக்குத் தனி மெஷின். மற்ற எல்லோருடைய ரத்தமும், இன்று ஒருவர் நாளை ஒருவர் என, அதே மெஷின்களைச் சுற்றித்தான் வருகிறது. அந்த வார்டிலேயே பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒரு பெரியவர் தன் மகனிடம், “கிட்னி கெடைச்சா நம்ம ஆளுங்களுதான்னு விசாரிச்சுக்கப்பா” என்று சொன்னதையும் கேட்டிருக்கிறேன். இறந்தவரிடமிருந்து கிடைக்கும் உறுப்பு யாருடையது என்பதைச் சொல்ல மாட்டார்கள் என்று செவிலியர் சொன்னதும் அவருக்கு முகம் வாடிவிட்டது.

டயாலிசிஸ் உயிரைத் தக்கவைக்கும். ஆனால் அது சிறுநீரகம் செய்கிற வேலையில் ஒரு பகுதியைத்தான் செய்யும். மாற்று அறுவை சிகிச்சைதான் நல்ல வழி என்றார் மருத்துவர். அதற்கு இரண்டு பாதைகள். ஒன்று, மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்காக மாநிலப் பட்டியலில் பதிந்துகொண்டு காத்திருப்பது. பதிந்துவிட்டேன். எனக்கு முன்னால் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். இரண்டாவது, உயிரோடு இருக்கும் ஒருவர் தன் இரண்டில் ஒன்றைத் தருவது. இந்தியாவில் நடக்கும் சிறுநீரக மாற்றுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன.

மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். ‘நெருங்கிய உறவினர்’ பட்டியல். மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் வந்தது, 2011இல் திருத்தப்பட்டது. கணவன் அல்லது மனைவி, மகன், மகள், அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி. இவர்கள் தருவதாக இருந்தால் நடைமுறை எளிது. உறவை நிரூபித்தால் போதும்.

தோழர்களே, அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். குழந்தைகள் இல்லை. தாத்தா பாட்டி இல்லை. மிச்சம் இருப்பவர்கள் நான்கு பேர். என் இணையர், அப்பா, அம்மா, அண்ணன். அதில் மூன்று பேர் எனக்குக் கருமாதி செய்து முடித்தவர்கள்.

முதலில் இணையர். அவருக்கு ஒரு நிமிடத் தயக்கமும் இல்லை. ஆனால் அவர் பி, நான் ஓ. ஓ பிரிவுக்காரர் யாருக்கு வேண்டுமானாலும் தரலாம், பெறுவது மட்டும் ஓ பிரிவிலிருந்துதான். பொருந்தாத ரத்தப் பிரிவிலும் இப்போது மாற்றுகிறார்கள், ஆனால் அதற்குப் பல லட்சம் கூடுதலாக ஆகும். இன்னொரு வழி, இரண்டு இணைகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வது. என் இணையர் இன்னொருவருக்குத் தருவார், அவருடைய உறவினர் எனக்குத் தருவார். 2011 திருத்தம் இதை அனுமதிக்கிறது. அதிலும் ஓ பிரிவு நோயாளிக்குத்தான் சிரமம். உறவினர் ஓ பிரிவாக இருந்தால், அவர் தன் ஆளுக்கு நேராகவே கொடுத்துவிடலாம். அவர் ஏன் எங்களோடு மாற்றிக்கொள்ளப்போகிறார்?

அப்போது அத்தை, அதாவது என் மாமியார், ஒரு வார்த்தை சொன்னார். “என்னுத எடுத்துக்கச் சொல்லு. ரெண்டு இருக்குல்ல.” அவர் சித்தாள் வேலை பார்த்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். இந்த ஏழு ஆண்டுகளாக எனக்கு அம்மா வீடு அதுதான். எனக்கு பொட்டாசியம் கூடக்கூடாது என்பதால் உருளைக்கிழங்கை முதல் நாள் இரவே நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பவர். ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். “மாமியார் நெருங்கிய உறவினர் பட்டியல்ல வர மாட்டாங்கம்மா. அங்கீகாரக் குழுவுக்குப் போகணும்” என்றார்.

எனக்குக் கருமாதி செய்தவர் சட்டப்படி நெருங்கிய உறவினர். எனக்கு உருளைக்கிழங்கை ஊறவைப்பவர் உறவினர் இல்லை. குழுவுக்குப் போக வேண்டிய நிலையே வரவில்லை, அத்தைக்கு நீண்ட நாளாக ரத்த அழுத்தம் இருப்பதால் மருத்துவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பட்டியல் எனக்கு ஒன்றைக் காட்டிவிட்டது. சட்டத்துக்கு உறவு என்றால் ரத்தமும் ஒரே ஒரு திருமணச் சான்றிதழும்தான்.

பிறகு அம்மா. எங்கள் வீட்டில் எல்லோரும் ஓ பாசிட்டிவ். பள்ளிக்கூடத்தில் ரத்தப் பிரிவு அட்டை கொடுத்த நாளில் நானும் அண்ணனும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். அம்மாவுக்கு என் நிலை யார் மூலமோ தெரிந்து, பக்கத்து வீட்டு அக்காவின் போனிலிருந்து கூப்பிட்டார். ஏழு ஆண்டுகளில் முதல் முறை. “கண்ணு, என்னுது உனக்குச் சேரும்ல?” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

நாங்கள் அப்போது விசாரித்த மருத்துவமனையில், திருமணமானவர் தருவதாக இருந்தால் கணவரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அம்மாவிடம் சொன்னேன். நீண்ட நேரம் பேச்சே இல்லை. பிறகு, “கையெழுத்துன்னு போய் நின்னா உங்கப்பன் என்ன செய்வான்னு உனக்குத் தெரியும்” என்றார். தெரியும். என்னால் அவருக்கு ஏற்கெனவே விழுந்த அடி எனக்குத் தெரியும். “வேண்டாம்மா, வேற வழி இருக்கு” என்று பொய் சொன்னேன்.

இங்கே நான் என்னைப் பற்றியே ஒரு குற்றச்சாட்டை வைக்க வேண்டும். பட்டியலைப் பார்த்ததும் இணையருக்கு அடுத்தபடியாக என் மனம் போனது அம்மாவிடம்தான். அண்ணனிடம் இல்லை. அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன், நல்ல உடம்பு. அம்மாவுக்கு 58 வயது, கைத்தறியில் முதுகு போனவர். இருந்தும் அம்மாவைத்தான் நினைத்தேன். இந்தியாவில் உயிரோடு இருந்து உறுப்பு தருபவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள், பெரும்பாலும் மனைவியும் அம்மாவும். பெறுபவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். 1995 முதல் 2021 வரை நடந்த 36,640 உறுப்பு மாற்றுகளில் பெண்கள் பெற்றவை 6,945 மட்டுமே. “ஆம்பளை வேலைக்குப் போகணும்” என்பதுதான் எல்லா வீட்டிலும் சொல்லப்படுகிற காரணம். பெண்ணியம் பேசுகிற நான் ஒரு பெண்ணாக இருந்து பெறப்போகிறேன் என்பது மட்டும்தான் வித்தியாசம். தருபவர் யார் என்று வரும்போது, என் மனமும் அதே தடத்தில்தான் ஓடியது.

அதனால் அண்ணனைக் கூப்பிட்டேன்.

சேலம் பேருந்து நிலையத்தில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். அவனே வந்தான், அதுவே எனக்குப் பெரிய விஷயம். என் இடது கையைப் பார்த்தான். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக நரம்பை இணைத்து வைத்த இடம் கயிறு போலத் தடித்திருக்கும். தொட்டுப் பார்த்தான். உள்ளே ரத்தம் ஓடுவது விரலில் அதிரும். சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “குடுக்கறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல பாப்பா. நாளைக்கே வரேன்.”

நான் அழுதுவிட்டேன். அவன் தொடர்ந்தான்.

“ஆனா ஊருக்குத் தெரியக் கூடாது.”

எப்படித் தெரியாமல் இருக்கும்? வாரக்கணக்கில் பரிசோதனைகள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு மாதங்கள் பாரம் தூக்கக் கூடாது. அவன் பூச்சி மருந்துக் கடை வைத்திருக்கிறான், மூட்டை தூக்கும் வேலை. அவன் மனைவிக்குத் தெரியாமல் முடியுமா? அவன் மாமனார் வீட்டுக்கு? இதையெல்லாம் சொன்னேன். அவன் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் நான் படித்த எந்தக் கட்டுரையிலும் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

“கிட்னி போனா எனக்கு ஒண்ணுதான் போவுது. நான் குடுத்தேன்னு தெரிஞ்சா உன்னைச் சேத்துக்கிட்டதா ஆயிரும். ஆஸ்பத்திரில அந்தப் பையனோட ஒண்ணா நிக்கணும், போட்டோ கீட்டோ எடுப்பாங்க. நாளைக்கு என் பொண்ணுக்கு எவன் வருவான்?”

அவன் மகளுக்கு ஏழு வயது. நான் இன்னும் பார்த்ததில்லை.

தோழர்களே, என் அண்ணன் கெட்டவன் இல்லை. அவனுக்கு என் மீது வெறுப்பும் இல்லை. உடம்பைக் கிழித்து உள்ளே இருப்பதை எடுத்துக் கொடுக்க அவனால் முடியும். என் இணையரை மச்சான் என்று கூப்பிட முடியாது. ஏழு வயதுக் குழந்தையின் எதிர்காலத் திருமணத்தைப் பிணையாக வைத்துத்தான் சாதி அவனிடம் வேலை வாங்குகிறது. அம்பேத்கர் 1936இலேயே, கலப்பு மணம்தான் சாதிக்கு உண்மையான மருந்து, அதுதான் உறவு என்ற உணர்வை உண்டாக்கும் என்று சொன்னார். அவர் சொன்ன அந்த உறவைத் தடுக்கத்தான் என் ஊர் பிளக்ஸ் வைத்தது. கல்யாணத்தை அவர்களால் தடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு உருவாகியிருக்க வேண்டிய மச்சான், மாமன், அத்தை, சித்தப்பா எல்லாவற்றையும் தடுத்துவிட்டார்கள்.

கண்ணகி – முருகேசன் பெயர் நமக்குத் தெரியும். உடுமலை சங்கர் பெயர் தெரியும். கொல்லப்பட்டவர்களுக்காக நாம் தெருவில் நின்றோம், நிற்க வேண்டும். கொல்லாமல் விட்டவர்களை என்ன செய்கிறார்கள் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. உறவை எடுத்துவிடுகிறார்கள். இளமையில், உடம்பு நன்றாக இருக்கும்போது அந்த இழப்பு தெரியாது. பிளக்ஸைப் பார்த்துச் சிரிக்கலாம். உடம்பு படுத்ததும்தான், என் தப்பான பிறந்த தேதிக்குக் கீழே உண்மையில் என்ன எழுதியிருந்தார்கள் என்று எனக்குப் புரிந்தது.

இப்போது நமது பக்கத்துக்கு வருகிறேன்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு தோழர் இருக்கிறார். பெயின்டர். பட்டியல் சாதி. எங்கள் திருமணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். ஓ பாசிட்டிவ். ஒரு நாள் வந்து, “நான் டெஸ்ட் குடுத்துட்டு வந்துட்டேன் தோழர். சுகர் இல்ல, பிரஷர் இல்ல. மேற்கொண்டு பாருங்க” என்று தாளை நீட்டினார்.

நெருங்கிய உறவினர் அல்லாதவர் தருவதாக இருந்தால், அன்பினாலும் பற்றினாலும் தருகிறார் என்பதை அங்கீகாரக் குழு நம்ப வேண்டும். 2014 விதிகள் அந்தக் குழு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கின்றன. இருவருக்கும் என்ன தொடர்பு, ஏன் தர விரும்புகிறார், தொடர்புக்கு ஆவணச் சான்று, இருவரும் சேர்ந்திருக்கும் பழைய புகைப்படங்கள், இருவரின் மூன்றாண்டு வருமான நிலை, இடைத்தரகர் இல்லை என்ற உறுதி. தருபவரின் குடும்பத்தாரையும் அழைத்துப் பேசுவார்கள்.

தோழர் சிரித்தார். “ரெண்டு பேரும் இருக்கற போட்டோ எல்லாத்துலயும் மூஞ்சிக்கு முன்னாடி கொடி இருக்கும். ஆனா ஆவணம் இருக்கு தோழர். ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டு மறியல் பண்ணப்ப ஒரே கல்யாண மண்டபத்துல அடைச்சு வச்சாங்கல்ல, அந்த லிஸ்ட்டுல ரெண்டு பேர் பேரும் அடுத்தடுத்து இருக்கும். போலீஸ்ல வாங்கிட்டு வந்துரலாம்.”

நானும் சிரித்தேன். ஆனால் அந்த விதிகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவை ஏன் வந்தன என்பது நமக்குத் தெரியும். சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பட்டப்பெயர் வந்தது ஏன் என்று தெரியும். சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் குடியிருப்பில் மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2007இல் வந்தது. 2025இல் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் வளைத்த செய்தி வந்தது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் 2001இல் ஓர் ஆய்வு நடந்தது. 96 விழுக்காட்டினர் கடனை அடைக்க விற்றவர்கள். ஆய்வு நடந்தபோதும் அவர்களில் நான்கில் மூன்று பேர் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 79 விழுக்காட்டினர், இதை யாரும் செய்யாதீர்கள் என்றார்கள். விற்றவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள்.

ஆகவே, ஒரு பெயின்டர் ஓர் ஆராய்ச்சி மாணவிக்குச் சிறுநீரகம் தருகிறார் என்றால் குழு சந்தேகப்படத்தான் வேண்டும். நானாக இருந்தாலும் சந்தேகப்படுவேன். உண்மையில் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. பணம் பற்றி இல்லை. எந்தச் சமூகத்தின் உழைப்பைத் தின்று என் சமூகம் வளர்ந்ததோ, அந்தச் சமூகத்திலிருந்து ஒருவர் இப்போது தன் உடம்பிலிருந்தே ஒன்றை எடுத்துத் தருகிறேன் என்கிறார். தோழமை என்ற சொல்லை வைத்து நான் அதை வாங்கிக்கொள்ளலாமா? அவர் சாரத்தில் ஏறி வேலை செய்பவர். ஒரு நாள் வேலை இல்லையென்றால் ஒரு நாள் கூலி இல்லை. அவருக்கு ஒரு கைக்குழந்தை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவருக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதையும் அப்படியே சொல்கிறேன்.

“நான் குடுத்தா அது அடிமைத்தனம், உங்க அண்ணன் குடுத்தா அது பாசமா தோழர்? யார் குடுத்தா வாங்கலாம்னு நீங்களும் ஆள் பார்த்துத்தான் முடிவு பண்றீங்க.”

இதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. என் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்றுதான் இன்னும் நினைக்கிறேன். நான் ஒரு நிபந்தனை சொன்னேன்: “உங்க வீட்டுத் தோழர் என்கிட்ட தனியா, நீங்க இல்லாம, பேசணும். அவங்க வேண்டாம்னா இந்தப் பேச்சே இல்ல.” அவர்கள் வந்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, “எனக்குப் பயமா இருக்கு. ஆனா அவரு சொன்னா செய்வாரு. நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று என்னையே கேட்டார்கள். “பயம்னா வேண்டாம்” என்றேன். அன்றோடு அது நின்றது. தோழர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார். இன்று என்னை வண்டியில் அழைத்து வந்ததும் அவர்தான், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆக, இன்றைய நிலவரம்: பட்டியலில் காத்திருக்கிறேன். இன்னும் யாரும் கிடைக்கவில்லை.

இனி நான் கேட்க வந்தது.

என் ஆய்வுக்காகப் பழைய இதழ்களில் சுயமரியாதைத் திருமணச் செய்திகளைப் படிக்கிறேன். யார் தலைமை, யார் வாழ்த்துரை, எத்தனை பேர் வந்தார்கள் என்றெல்லாம் இருக்கும். அந்தத் திருமணங்கள் சட்டப்படி செல்ல 1967 வரை போராட வேண்டியிருந்தது. எவ்வளவு பெரிய வேலை அது! ஆனால் செய்தி திருமணத்தோடு முடிந்துவிடும். அந்த இணையரின் பேறுகாலத்துக்கு யார் வந்தார்கள், காய்ச்சலில் கிடந்தபோது யார் கஞ்சி கொடுத்தார்கள் என்பது எந்த இதழிலும் இருக்காது. நாமும் இன்று அப்படித்தான் இருக்கிறோம். மாலை மாற்றுவது வரை நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு?

சாதியைவிட்டு வெளியே வா என்று நாம் அழைக்கிறோம். வந்தவர்கள் விட்டுவிட்டு வருவது சாதிப் பெருமையை மட்டும் இல்லை. மருத்துவமனையில் இரவு தங்க ஓர் ஆளை, அவசரத்துக்குக் கைமாற்றாக ஆயிரம் ரூபாயை, கையெழுத்துப் போட ஒரு பெரியவரை, இப்படி ஒரு முழு ஏற்பாட்டையே விட்டுவிட்டு வருகிறார்கள். சாதி வலுவாக இருப்பது அதன் வெறியால் மட்டும் இல்லை. இந்த ஏற்பாட்டைத் தன் கையில் வைத்திருப்பதால்தான். அதற்கு ஈடாக ஒன்றை நாம் கட்டாதவரை, வெளியே வருபவர்களைத் தனியாக விடுகிறோம்.

அதனால் சிறுநீரகம் கேட்கவில்லை. இதைக் கேட்கிறேன்.

ஒன்று, ஒவ்வோர் ஊர்த் தோழர்களும் தங்கள் முன்னிலையில் நடந்த திருமணங்களின் பட்டியலை எடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மருத்துவமனையில் யாராவது படுத்தால் இரவு யார், பகல் யார் என்று முறை போடுங்கள். எனக்கு அதைச் செய்தார்கள். டயாலிசிஸ் நாட்களில் இரண்டு தோழிகள் மாறி மாறி வருகிறார்கள். என் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் அந்த நான்கு மணி நேரங்களில், நான் சொல்லச் சொல்ல அவர்கள் தட்டச்சு செய்தது. ஆனால் நான் இயக்கத்துக்குள் பத்து ஆண்டுகளாக இருப்பவள் என்பதால் எனக்குக் கிடைத்தது அது. யாரையும் தெரியாமல் ஊரைவிட்டு ஓடிவந்த ஒரு பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும். போகும்போது இளநீர் மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். சிறுநீரக நோயாளிக்கு அது நஞ்சு. எனக்கு இதுவரை ஒரு தோப்பே வந்திருக்கும்.

இரண்டு, திருமணத்தைப் பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி அது கட்டாயம். கொள்கைக்காக மணம் செய்துகொண்டு, சான்றிதழ் என்ன தேவை என்று விட்டவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். அவசரத்தில் மருத்துவமனை உங்கள் காதலைக் கேட்காது, தாளைத்தான் கேட்கும்.

மூன்று, இரத்த அழுத்தம் பாருங்கள். இன்றே பாருங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்திருந்தால் என் சிறுநீரகங்கள் இன்னும் பல ஆண்டுகள் ஓடியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். யாரிடமும் கேட்கத் தேவையில்லாத சிறுநீரகம் உங்களுடையதுதான்.

நான்கு, இறந்த பிறகு உறுப்பு தருவதாகப் பதிந்துகொள்ளுங்கள். பதிந்தால் மட்டும் போதாது, வீட்டில் சொல்லுங்கள். அட்டை உங்கள் பையில் இருந்தாலும் அந்த நேரத்தில் மருத்துவர்கள் உங்கள் குடும்பத்தைத்தான் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2008இல் ஹிதேந்திரன் என்ற பள்ளி மாணவனின் பெற்றோர் எடுத்த ஒரு முடிவு எத்தனையோ குடும்பங்களை மாற்றியது. 2023 முதல் உறுப்பு தந்தவர்களின் இறுதி நிகழ்வு அரசு மரியாதையோடு நடக்கிறது. ஒருவரிடமிருந்து இரண்டு பேருக்குச் சிறுநீரகம் கிடைக்கும். இந்த வழியில்தான் பெயின்டரைச் சாரத்திலிருந்து இறக்க வேண்டியதில்லை, அம்மாவை அடிவாங்க விட வேண்டியதில்லை, தரகருக்கு வேலை இல்லை. தந்தவர் என்ன ஆள் என்று பக்கத்துக் கட்டில் பெரியவரும் விசாரிக்க முடியாது. சாதி ஒழிப்பைப் பேசும் ஒரு இயக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பரப்புரை எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. போன மாதம் அண்ணன் போன் செய்தான். எதுவும் முடிவாகச் சொல்லவில்லை. “இன்னைக்கு ஊசி போட்டாங்களா? வலிக்குதா?” என்று கேட்டான். பிறகு கொஞ்சம் தயங்கி, “அவரு இருக்காரா பக்கத்துல?” என்றான். அந்தப் பையன் என்று சொல்லவில்லை. அவரு என்றான். போனை இணையரிடம் கொடுத்தேன். இரண்டு பேரும் ஒரு நிமிடம் பேசினார்கள், என் ரத்த அழுத்தம் எவ்வளவு, அடுத்த பரிசோதனை எப்போது என்று. மச்சான் என்றெல்லாம் எதுவும் இல்லை.

இது எனக்குச் சிறுநீரகமாக மாறுமா என்று தெரியாது. அதை எதிர்பார்த்து நான் உட்கார்ந்திருக்கவும் இல்லை. நாளை காலை ஆறு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும். நாளை முறை யாருடையது என்று தோழிகள் இருவரும் முடிவு செய்துவிட்டுச் சொல்லுங்கள்.